இடம் கிடைக்குமா? – சமூகத் தொழில்முனைவும் மேலாண்மைக் கல்வியும்: ஒரு வணிகனின் கணக்கு

மலர்க் குழுவினர் இந்த ஆண்டும் என்னிடம் கட்டுரை கேட்டபோது, வழக்கம்போல ஏதாவது கல்வெட்டைப் பற்றியோ நிகண்டைப் பற்றியோ எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் சென்ற தை மாதம் நம் சங்க நூலகத்தில் நடந்த ஒரு பேச்சு மனத்தை விட்டு அகலவில்லை. சங்க உறுப்பினர் ஒருவரின் மகள், பி.காம். முடித்தவள், ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் ஒன்றரை வருஷமாக வேலை பார்க்கிறாள். சனிக்கிழமைதோறும் ஊதுவத்தி உருட்டும் பெண்களின் சுய உதவிக் குழு ஒன்றுக்குக் கணக்கு எழுதித் தருகிறாள். அவள் என்னிடம் வந்து, "மாமா, எனக்கு எம்.பி.ஏ. படிக்கணும். கம்பெனி வேலைக்கு இல்லை. இந்தப் பொம்பளைங்களை வெச்சே ஒரு நிறுவனம் கட்டணும். நல்ல இடத்துல எனக்கு சீட் கிடைக்குமா?" என்று கேட்டாள். பின்னாலேயே நின்ற அவள் அப்பா, "கிடைச்சா வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வெச்சிடலாமாண்ணே?" என்றார். முப்பதுக்கு நாற்பது சைட்டில் இருபது வருஷம் சிறுகச் சிறுகக் கட்டின வீடு அது.

நான் பேராசிரியன் அல்லன். சந்தேபேட்டையில் பாத்திரக் கடை வைத்திருப்பவன். படித்ததெல்லாம் கடை மூடிய பின் படித்தது. ஆனாலும் இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியவில்லை. ஏனென்றால் ஏறக்குறைய இதே கேள்விக்கு முன்பு ஒருமுறை அவசரப்பட்டுப் பதில் சொல்லி, ஒரு பிள்ளையின் ஒன்பது வருஷத்தை வீணாக்கியவன் நான். அதைப் பிறகு சொல்கிறேன். முதலில் பொருளைப் பார்ப்போம்.

சொல்லும் பொருளும்

முனைதல் என்றால் முற்படுதல், ஊக்கங்கொள்ளுதல். தொழிலில் முற்படுகிறவர் தொழில்முனைவோர். சமூகத்தின் குறை ஒன்றைத் தீர்ப்பதற்காகவே தொழிலில் முற்படுகிறவரைச் சமூகத் தொழில்முனைவோர் என்கிறோம். இந்தச் சொல்லை உலகறியச் செய்தவர்களுள் முக்கியமானவர் அமெரிக்கரான பில் டிரேட்டன். அவர் 1980இல் அசோகா என்ற அமைப்பைத் தொடங்கினார். நம் அசோக மன்னன் பெயரையே அதற்கு வைத்தார் என்பது நமக்குச் சந்தோஷமான செய்தி. பின்னர் 1998இல் கிரிகரி டீஸ் என்ற பேராசிரியர் இதன் இலக்கணத்தை ஒரு கட்டுரையில் வகுத்தார்.

எங்கள் சமண மரபில் உணவு, அடைக்கலம், மருந்து, கல்வி என நான்கு தானங்களைச் சொல்வார்கள். தானம் உயர்ந்தது. ஆனால் கொடுப்பவர் கை காலியானால் அதுவும் நின்றுபோகும். வியாபாரமோ இலாபம் இருக்கும்வரை ஓடும், இல்லாதவனிடம் போகாது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பதுதான் சமூகத் தொழில்முனைவு. முதல் கரையாத தானம் என்று நான் இதற்கு விளக்கம் சொல்லுவேன்.

நம்மவர்களுக்கு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 58ஆம் வயதில், 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். வசதியுள்ளவர்கள் கட்டணம் தருகிறார்கள். அந்த வருமானத்தில், இல்லாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த செலவிலோ அதே மருத்துவர்கள் அறுவை செய்கிறார்கள். ஒரு மருத்துவர் அறுவையை முடித்துத் திரும்பும்போது அடுத்த நோயாளி பக்கத்து மேசையில் ஆயத்தமாக இருப்பார். இப்படி நேரத்தை மிச்சம் பிடிப்பதால் ஒவ்வொரு அறுவையின் அடக்கவிலையும் இறங்குகிறது. 1992இல் ஆரோலேப் என்ற பிரிவு தொடங்கி, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸையும் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். இறக்குமதி விலையில் ஒரு சிறு பகுதிக்கே அது கிடைத்தது. 1993இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி இந்த மருத்துவமனையைப் பாடமாக எழுதி வைத்தது. மேலாண்மைப் பள்ளிக்குப் போகாத ஒரு மருத்துவர், மேலாண்மைப் பள்ளிக்கே பாடமாகிவிட்டார்.

அப்படியானால் எம்.பி.ஏ. தேவைதானா?

இங்கேதான் பலர் அவசரப்பட்டு ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். கோவை அருணாசலம் முருகானந்தம் பள்ளிப் படிப்பையே பாதியில் விட்டவர். மலிவு விலை நாப்கின் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி 2016இல் பத்மஸ்ரீ பெற்றார். பெங்களூரில் 1995இல் செல்கோ என்ற சூரிய விளக்கு நிறுவனத்தைத் தொடங்கி 2011இல் மகசேசே விருது பெற்ற ஹரீஷ் ஹண்டே பொறியியல் ஆராய்ச்சிக்காரர், எம்.பி.ஏ. அல்லர். நம் மைசூரிலேயே, மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்த ஆர். பாலசுப்ரமணியம் 1984இல் தோழர்களோடு சுவாமி விவேகானந்தா இளைஞர் இயக்கத்தைத் தொடங்கி, ஹெக்கடதேவன்கோட்டைப் பக்கத்து ஆதிவாசி மக்களிடம் போனார். பல வருஷம் வேலை செய்த பிறகுதான் ஹார்வர்டுக்குப் படிக்கப் போனார். அதுவும் வணிகப் பள்ளிக்கு அல்ல, அரசாட்சிப் பள்ளிக்கு.

இதைக் கேட்டதும், "பார்த்தீர்களா, படிப்பே வேண்டாம்" என்று சொல்லிவிடக் கூடாது. மறுபக்கமும் இருக்கிறது. அரவிந்தில் 1981இல் சேர்ந்து நிர்வாகத்தைக் கட்டியமைத்தவர்களில் ஒருவரான ஆர்.டி. துளசிராஜ், கல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்தவர். 1983இல் பிரதான் என்ற ஊரக அமைப்பை உருவாக்கியவர்களில் விஜய் மகாஜன் அகமதாபாத் ஐ.ஐ.எம்.; தீப் ஜோஷி அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பொறியியலோடு மேலாண்மையும் படித்தவர். ஆக, தொடங்குவதற்குப் பட்டம் தேவையில்லை. தொடங்கியதைப் பத்தாயிரம் பேருக்குக் கொண்டுபோக, அந்தக் கல்வி கற்ற ஒருவர் எங்கோ தேவைப்படுகிறார். அந்த ஒருவர் நாமாகவே இருக்கவேண்டுமா, நம்மோடு சேருகிறவராக இருக்கலாமா என்பதே கேள்வி.

இன்று அந்தத் தேவை கூடியும் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த நிறுவனங்கள் சராசரி நிகர இலாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிடவேண்டும். இது 2014 ஏப்ரலிலிருந்து நடைமுறையில் உள்ளது. சமூகப் பங்குச் சந்தை என்ற புதுப் பிரிவில் 2023 டிசம்பரில் பெங்களூர் அமைப்பு ஒன்று முதன்முதலாகப் பட்டியலில் ஏறியது. பணம் தருகிறவர்கள் இப்போது உருக்கமான பேச்சை மட்டும் கேட்பதில்லை. ஐந்தொகையைக் காட்டு என்கிறார்கள்.

கதவுகள் எத்தனை?

நம் பிள்ளைகள் எம்.பி.ஏ. என்றால் ஐ.ஐ.எம். ஒன்றையே நினைக்கிறார்கள். அது ஒரு கதவு. கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் 1961இல் தொடங்கி, பெங்களூரில் 1973இல் வந்து, இன்று இருபதுக்கு மேல் ஆகிவிட்டன. இவற்றுக்கு கேட் என்ற பொது நுழைவுத் தேர்வு.

இரண்டாவது கதவு, குஜராத்தில் ஆனந்த் நகரில் 1979இல் வர்கீஸ் குரியன் நிறுவிய ஊரக மேலாண்மைக் கழகம், இர்மா. கூட்டுறவுக்கும் கிராமத் தொழிலுக்கும் மேலாளர்களை உருவாக்கவே பிறந்த இடம். மாணவர்கள் சில வாரங்கள் கிராமத்தில் தங்கிப் படிக்கவேண்டும். 2025இல் நாடாளுமன்றச் சட்டத்தால் திரிபுவன் சகாரி பல்கலைக்கழகம் உருவானபோது இர்மா அதற்குள் வந்துவிட்டது. மூன்றாவது, மும்பை டாடா சமூக அறிவியல் கழகம். அங்கே 2007இல் சமூகத் தொழில்முனைவுக்கென்றே ஒரு முதுகலைப் படிப்பைத் தொடங்கினார்கள். இவ்விரண்டு இடங்களிலும் சேர்க்கை முறை ஆண்டுக்கு ஆண்டு மாறுகிறது. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் படித்தே ஆகவேண்டும்.

நான்காவது கதவு நம் ஊரிலேயே இருக்கிறது. மானசகங்கோத்ரியில் மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் பி.என். பகதூர் மேலாண்மை அறிவியல் கழகம் இருக்கிறது. கர்நாடகத்தில் அரசு ஒதுக்கீட்டு எம்.பி.ஏ. இடங்களுக்கு பி.ஜி.சி.இ.டி. என்ற மாநிலத் தேர்வு. செலவு பல மடங்கு குறைவு. சாமுண்டி மலைச் சாலையில் 1993இல் தர்மஸ்தல தர்மாதிகாரி வீரேந்திர ஹெக்கடே அவர்கள் நிறுவிய எஸ்.டி.எம். மேலாண்மைக் கழகம் இருக்கிறது. அதே தர்மஸ்தலம், இரண்டு வங்கிகளோடு சேர்ந்து 1982இல் உஜிரேயில் ரூட்செட்டி என்ற சுயதொழில் பயிற்சி நிலையத்தைத் தொடங்கியது. அதை மாதிரியாக வைத்துத்தான் பின்னாளில் நாடெங்கும் மாவட்டந்தோறும் பயிற்சி நிலையங்கள் வந்தன. தொழில் தொடங்க நினைப்பவர்களுக்குச் சில வாரப் பயிற்சி, அதுவும் இலவசமாக. இதையும் நான் கதவுகளில் ஒன்றாகவே எண்ணுகிறேன்.

ஐந்தாவது, வெளிநாடு. ஆக்ஸ்போர்டில் 2003இல் ஸ்கோல் மையம், அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2002இல் ஒரு மையம் எனச் சமூகத் தொழில்முனைவுக்கு என்றே தனி இடங்கள் வந்தன. அங்கே ஜிமேட் மதிப்பெண்ணோடு கட்டுரைகளும் பரிந்துரைக் கடிதங்களும் கேட்பார்கள். ஜிமேட் தேர்வின் புதிய வடிவம் 2023 நவம்பரில் வந்தது. மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய 700க்கு நிகர், புதியதில் ஏறக்குறைய 645. பழைய புத்தகத்தை வைத்துக்கொண்டு 645 குறைவு என்று பிள்ளைகள் மனம் தளரவேண்டாம்.

வாய்ப்பை எப்படி அளப்பது?

காட்சி, கருதல், ஆகமம் என மூன்று அளவைகளைப் பழைய தருக்க நூலார் சொல்லுவார்கள். கண்ணால் காண்பது, கண்டதை வைத்து ஊகிப்பது, நம்பத்தக்கவர் சொல்வது. சீட் கிடைக்குமா என்ற கேள்விக்கும் இந்த மூன்றும் போதும்.

ஆகமத்திலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு ஐ.ஐ.எம்.மும் தன் சேர்க்கைக் கொள்கையை ஆண்டுதோறும் வெளியிடுகிறது. அதைப் படிக்காமல் பயிற்சி நிலைய விளம்பரத்தைப் படிக்கிறவர்களே அதிகம். அந்தக் கொள்கையைப் படித்தால் ஒன்று விளங்கும். கேட் மதிப்பெண் மட்டுமே இடம் வாங்கித் தராது. பத்தாம் வகுப்பு, பி.யு.சி., பட்டப்படிப்பு மதிப்பெண்களுக்கும், வேலை அனுபவத்துக்கும், பிறகு எழுத்துத் தேர்வுக்கும் நேர்காணலுக்கும் தனித்தனி எடை உண்டு. எந்த எடை எவ்வளவு என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. பொறியியல் அல்லாதவர்களுக்கும் பெண்களுக்கும் கூடுதல் புள்ளி தரும் இடங்களும் உண்டு. அதனால் ஒரே பெண்ணுக்கு ஓரிடத்தில் அழைப்பு வரும், அதைவிடச் சிறிய இடத்தில் வராது. இது அதிர்ஷ்டம் அல்ல, எடைக்கல் வேறு.

அடுத்தது காட்சி. கேட் தேர்வில் முடிவைப் பெர்சன்டைலாகத் தருகிறார்கள். இது நூற்றுக்கு எத்தனை மார்க் என்பதல்ல. நூறு பேரை வரிசையில் நிறுத்தினால் உனக்குப் பின்னால் எத்தனை பேர் என்பது. சமீப ஆண்டுகளில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் இதை எழுதுகிறார்கள். ஆக 99 பெர்சன்டைல் வாங்கினால் உனக்கு முன்னால் 3,000 பேர். 95 என்றால் 15,000 பேர். 90 என்றால் 30,000 பேர். அகமதாபாத்தில் மொத்த இடமே ஏறக்குறைய 400தான். 99க்கும் 95க்கும் நாலுதானே வித்தியாசம் என்று நினைப்பவர் இந்த வரிசையை மறந்துவிடுகிறார். தேர்வு இரண்டு மணி நேரம். மொழி, தரவு, கணக்கு என மூன்று பகுதிக்கும் நாற்பது நாற்பது நிமிஷம். சரியான விடைக்கு மூன்று மதிப்பெண், கொடுத்த விடைகளில் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தவறினால் ஒன்று குறையும். எல்லாக் கேள்வியையும் தொடுகிறவனைவிட, எதை விடுவது என்று தெரிந்தவனுக்குத்தான் இது சாதகம். கடையில் எந்தச் சரக்கை வாங்காமல் விடுவது என்று தெரிந்தவன் பிழைப்பது மாதிரி.

இனிக் கருதல். நம் பெண்ணின் கணக்கைப் போட்டேன். பத்தாவதில் 93, பி.யு.சி.யில் 88, பி.காம்.மில் 71 சதவிகிதம். மாதிரித் தேர்வுகளில் 88 பெர்சன்டைல். அதாவது அவளுக்கு முன்னால் 36,000 பேர். பழைய ஐ.ஐ.எம்.களில் பொதுப் பிரிவில் இந்த எண்ணோடு அழைப்புக்கு வழியே இல்லை என்று சொல்லலாம். ஒரு வருஷம் உழைத்து 97, 98க்குப் போனால் புதிய ஐ.ஐ.எம்.கள் சிலவற்றில் வாசல் திறக்கலாம். ஊரக மேலாண்மைக்கும் நம்மூர் தனியார் கழகத்துக்கும் நியாயமான வாய்ப்பு உண்டு. மாநிலத் தேர்வு வழியில் நல்ல வாய்ப்பு. எங்கள் அநேகாந்த வாதத்தில் சொல்வதுபோல, ஒருவகையில் உண்டு, ஒருவகையில் இல்லை. கிடைக்கும் என்றோ கிடைக்காது என்றோ ஒரே சொல்லில் சொல்கிறவர் கணக்குத் தெரியாதவர்.

நம்மைப்போல் இடம்பெயர்ந்து வந்தவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. கர்நாடக அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்குப் பொதுவாக இந்த மாநிலத்தில் ஏழு ஆண்டுகள் படித்திருக்கவேண்டும் என்பது விதி. பள்ளிச் சான்றுகளை இப்போதே ஒழுங்காக எடுத்து வையுங்கள். இட ஒதுக்கீட்டுப் பட்டியலோ மாநிலத்துக்கு மாநிலம் வேறு. தமிழ்நாட்டில் பட்டியலில் உள்ள சாதி இங்கே அதே பிரிவில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பத்தில் எழுதிவிட்டு, சேரும் நாளில் சான்றிதழ் கிடைக்காமல் நிற்கவேண்டாம்.

நேர்காணலில் எடுபடுவது எது?

சமூக சேவை செய்ய ஆசை என்று விண்ணப்பத்தில் எழுதுகிறவர்கள் ஏராளம். நேர்காணல் செய்பவர்களுக்கு அது பழகிப்போன பல்லவி. "சேவைதான் நோக்கம் என்றால் இங்கே ஏன் வந்தாய்?" என்று திருப்பிக் கேட்பார்கள். அங்கே ஆசை செல்லாது, அளவு செல்லும்.

நம் பெண்ணிடம் கேட்டேன்: "ஏம்மா, ஆயிரம் குச்சிக்கு என்ன கூலி? மாசத்துல எத்தனை நாள் மாவு வராம சும்மா இருக்காங்க? கழிவுன்னு எவ்வளவு பிடிக்கிறாங்க?" முதல் இரண்டுக்குப் பதில் சொன்னாள். மூன்றாவதை யோசித்தாள். மறுவாரம் பதினாறு பெண்களின் ஆறு மாதக் கணக்கை எழுதிக்கொண்டு வந்தாள். இயந்திரம் வந்த பிறகு கை உருட்டலுக்கு வேலை குறைந்ததையும், 2019 ஆகஸ்டில் ஊதுவத்தி இறக்குமதிக்கு மைய அரசு கட்டுப்பாடு போட்டதையும் சேர்த்து, தன் குழுவில் என்ன மாறியது, என்ன மாறவில்லை என்று இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். சும்மா சொல்லக்கூடாது, நாற்பது வருஷமாகக் கணக்கு எழுதுகிற எனக்கே அதில் புதிதாகக் கற்க இருந்தது. இந்த இரண்டு பக்கம் அவள் கேட் மதிப்பெண்ணைக் கூட்டாது. ஆனால் கேட் அவளை வாசல்வரை கொண்டுபோனால், உள்ளே விடுவது இதுவாகத்தான் இருக்கும்.

கிடைத்த பிறகு வரும் கணக்கு

இப்போது என் தவறைச் சொல்கிறேன். என் அண்ணன் மகனுக்கு வந்தவாசிப் பக்கத்து எங்கள் ஊர் மணிலாக்கொட்டை விவசாயிகளைச் சேர்த்து நேராக ஆலைக்கு விற்கும் ஓர் அமைப்பு தொடங்க ஆசை. 2002இல் வந்த சட்டத் திருத்தப்படி பத்து விவசாயிகள் சேர்ந்தாலே உற்பத்தியாளர் கம்பெனி பதிவு செய்யலாம். அவன் அதைப் படித்து வைத்திருந்தான். "முதல்ல ஒரு எம்.பி.ஏ. முடிடா, அப்புறம் ஊருக்குப் போ" என்று சொன்னவன் நான்தான். ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. இடம் கிடைத்ததே வெற்றி என்று இனிப்புக் கொடுத்தோம். 11 லட்சம் கடன். படிப்பு முடிந்ததும் தவணை தொடங்கியது. ஊருக்குப் போனால் தவணை கட்ட முடியாது. ஆகவே ஒரு நிதி நிறுவனத்தில் விற்பனை வேலைக்குப் போனான். கடன் தீர ஒன்பது வருஷம் ஆயிற்று. அதற்குள் கல்யாணம், குழந்தை, ஊரில் சேர்ந்திருந்த விவசாயிகள் கலைந்து போனது எல்லாம் ஆச்சு. அவன் என்னை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குக் கஷ்டம்.

அன்று நான் போடாத கணக்கு இது. பழைய ஐ.ஐ.எம்.களில் இரண்டு வருஷக் கட்டணம் இன்று 20 லட்சத்தைத் தாண்டிவிட்டது. 20 லட்சமே என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்குப் பத்து லட்சமாக வாங்கி, 10 சதவிகித வட்டியில், படிப்பும் முடிந்து ஒரு வருஷ அவகாசமும் முடியும்போது வட்டியோடு 25 லட்சம் ஆகிவிடும். பத்து வருஷத்தில் அடைக்க மாதம் ஏறக்குறைய 33,000 ரூபாய். தவணையைப் பதினைந்து வருஷமாக நீட்டினால் மாதம் 26,900. ஆனால் மொத்தம் கட்டுவது 48 லட்சத்துக்கு மேல். ஒரு தொண்டு நிறுவனத்தில் 40,000 ரூபாய்க்குச் சேர்ந்தால் மிச்சம் எதைக்கொண்டு வாழ்வது? சொந்தமாகத் தொடங்கினால் முதல் இரண்டு வருஷம் அந்த 40,000மும் கிடையாது. அதே நேரம், 4 லட்சம் கடனில் முடியும் படிப்பென்றால் அது 5 லட்சமாக வளர்ந்து, மாதத் தவணை 6,600தான்.

பெயர்பெற்ற நிறுவனங்களில் சேர்கிறவர்களுக்கு வங்கிகள் இப்போது அடமானம் கேட்பதில்லை என்பது உண்மை. மற்றவர்களுக்கும் அரசு உத்தரவாதத் திட்டத்தில் 7.5 லட்சம் வரை அடமானம் இல்லாமல் கிடைக்கும். ஆனால் அடமானம் கேட்கவில்லை என்பதால் கடன் கடனில்லை என்று ஆகிவிடாது. பத்திரம் வீட்டில் இருக்கும், பிள்ளை அடமானத்தில் இருப்பான்.

வர்கீஸ் குரியனின் கதையை இங்கே நினைக்கவேண்டும். சென்னை லயோலாவிலும் கிண்டியிலும் படித்தவர். அரசு உதவித்தொகையில் அமெரிக்கா போய்ப் படித்ததால், அரசு சொன்ன இடத்தில் வேலை பார்க்கவேண்டிய கட்டாயம். அதனால்தான் 1949இல் ஆனந்துக்கு வந்தார். படிப்புக்கு வாங்கிய உதவி அவரைக் கிராமத்தோடு கட்டிப்போட்டது. இன்று படிப்புக்கு வாங்கும் கடன் பிள்ளைகளை நகரத்தோடு கட்டிப்போடுகிறது. கட்டு ஒன்றுதான், அது எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அமெரிக்காவில் யேல் போன்ற பள்ளிகள் பொதுநல வேலைக்குப் போகும் பட்டதாரிகளின் கடனை அடைக்க உதவும் திட்டம் வைத்திருப்பது இதை உணர்ந்துதான். விண்ணப்பிக்கும் இடத்தில் அப்படி ஏதாவது உண்டா, வருமானத்தை ஒட்டிய உதவித்தொகை உண்டா என்று முதலிலேயே கேட்கவேண்டும். கேட்பதில் வெட்கமில்லை.

கடனை முதலில் தீர்த்துவிட்டுப் போகும் வழியும் உண்டு. சென்னை மடிப்பாக்கத்தில் இட்லி விற்ற தாயின் மகன் சரத்பாபு, பிலானியில் படித்துவிட்டு, இரண்டரை வருஷம் வேலை பார்த்து வீட்டுக் கடனைத் தீர்த்த பிறகே அகமதாபாத் ஐ.ஐ.எம்.முக்குப் போனார். 2006இல் படிப்பை முடித்ததும் சம்பள வேலையை நாடாமல் சொந்தமாக உணவுத் தொழில் தொடங்கினார். அவர் துணிந்தவர்தான். ஆனால் அந்தத் துணிவுக்கு முன்னால் இரண்டரை வருஷக் கணக்கு இருக்கிறது.

ஒரு வரைதல்

இல்லறத்தார்க்குச் சொன்ன ஐந்து அணுவிரதங்களில் மிகுபொருள் விரும்பாமை ஒன்று. இவ்வளவுக்கு மேல் வேண்டாம் என்று பொருளுக்கு ஓர் எல்லை வரைந்துகொள்வது. சேர்க்கும் பொருளுக்கு எல்லை வரைந்த முன்னோர், வாங்கும் கடனுக்கும் எல்லை வரைவதை மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கும் அவள் அப்பாவுக்கும் நான் சொன்ன எல்லை இதுதான். நீ மனமொப்பி ஏற்கக்கூடிய மிகக் குறைந்த சம்பளம் எதுவோ, அதில் கால் பங்குக்கு மேல் தவணை போகக்கூடாது. 40,000 என்றால் 10,000. அதைப் பின்னோக்கிக் கணக்கிட்டால் வாங்கக்கூடிய கடன் ஏறக்குறைய 6 லட்சம். வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும். 6 லட்சத்துக்குள் எந்தக் கதவு திறக்கிறதோ, உதவித்தொகையோடு எந்தக் கதவு திறக்கிறதோ, அதுவே உன் நல்ல இடம். ஐ.ஐ.எம். கிடைத்து உதவித்தொகை கிடைக்கவில்லை என்றால், முதல் நாலைந்து வருஷம் கம்பெனி வேலைக்குப் போகிறேன் என்று இன்றே தெரிந்து, எழுதி வைத்துவிட்டுச் சேர். தெரியாமல் மாட்டிக்கொள்ளாதே.

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ நான் கேட்ட கேள்வியே தப்பா மாமா?" என்றாள்.

தப்பில்லை, பாதிதான் கேட்டாய் என்றேன். இடம் கிடைக்குமா என்பது பேரேட்டின் முதல் வரி. கிடைத்து வெளியே வந்த பிறகு, இந்தப் பதினாறு பெண்களிடம் திரும்பி வர உனக்கு வசதி இருக்குமா என்பது கடைசி வரி. வரவு பற்று இரண்டும் பார்த்துத்தான் கணக்கை மூடவேண்டும்.

இந்த ஆண்டு மாநிலத் தேர்வும் கேட்டும் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறாள். ஊரக மேலாண்மைக்கும் விண்ணப்பம் போடுவாள். எங்கும் கிடைக்காவிட்டால் ரூட்செட்டியில் பயிற்சி எடுத்துக்கொண்டு, குழுவைப் பதிவு செய்து, ஒரு வருஷம் நடத்திப் பார்த்துவிட்டு மறுபடி எழுதுவாள். அப்போது அவள் வாய்ப்பு குறையாது, கூடும்.

நம் சங்கத்துப் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகளுக்கு இடம் கிடைத்ததும் நாம் சால்வை போர்த்துகிறோம், நல்லதுதான். அதற்கு முன்னால் ஒரு நாள், கணக்குத் தெரிந்த நாலு பேர் உட்கார்ந்து, விண்ணப்பிக்கப் போகும் பிள்ளைகளோடு இந்த இரண்டு வரியையும் போட்டுப் பார்த்தால் என்ன? ஞாயிற்றுக்கிழமைகளில் நூலகத்தில் நான் இருக்கிறேன். பேனாவும் பேரேடும் என்னிடம் உண்டு.